கால் பிடித்த இடம்

தென்காசி வட்டாரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீன் தொட்டி என்றால் இங்கே கோல்டு ஃபிஷ், ஃப்ளவர்ஹார்ன், கொஞ்சம் காசுள்ளவர் வீட்டில் அரோவானா, அதோடு சரி. கடல் தொட்டி ஒரு பல் டாக்டரிடம் இருக்கிறது. குற்றாலத்தில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் சம்பாதித்துத் திரும்பி செங்கோட்டை ரோட்டில் வீடு கட்டியவர்கள் சிலரிடம் இருக்கிறது. பெரும்பாலும் 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தின் உபயம்தான். பிள்ளை கேட்டது, அப்பா வாங்கினார். நீமோ என்ற கோமாளி மீன் வந்தால் அது குடியிருக்க அனிமோன் வர வேண்டும். பள்ளிப் பாடத்தில் நாம் படித்த கடல் சாமந்தி அது.

இந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. போனில் வரும் அழைப்புகளில் பாதி ஒரே ரகம்: “அண்ணாச்சி, அனிமோன் பாறைக்குப் பின்னால போயிட்டு. சோபால இருந்து பாத்தா தெரியவே மாட்டேங்கு. ஒரு எட்டு வந்து முன்னால எடுத்து வச்சுக் குடுத்துட்டுப் போங்க.”

எடுத்து வைப்பதற்கு அது பூந்தொட்டி அல்ல. பார்வைக்குத்தான் பூ. அடியில் தட்டையான ஒரு பாதம், நடுவில் தண்டு, மேலே வாய், வாயைச் சுற்றி நூற்றுக்கணக்கில் உணர்கொம்புகள், அந்தக் கொம்புகளில் கொட்டும் செல்கள். பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் சொந்தக்காரப் பிராணி. உடம்புத் திசுவுக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்திருக்கிறது. வெளிச்சத்தை வாங்கி அந்தப் பாசி தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு அனிமோனுக்குப் போகிறது. அதனால் மேல்பாகம் வெளிச்சத்தைத் தேடும். பாதமோ இருட்டையும் இடுக்கையும் தேடும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும்வரை அது நகர்ந்துகொண்டே இருக்கும். மெதுவாகத்தான் நகரும், கண்ணுக்குத் தெரியாது. இரவு ஒரு மூலையில் விட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் வேறு மூலையில் இருக்கும். ரொம்பவும் பிடிக்கவில்லை என்றால் பாதத்தை மொத்தமாக விட்டுவிட்டு நீரோட்டத்தில் மிதந்து போய்விடும். அப்போதுதான் எனக்குப் பயம். தொட்டிக்குள் அலை உண்டாக்க வைத்திருக்கும் வேவ்மேக்கரின் காற்றாடியில் சிக்கிவிட்டால் துண்டு துண்டாகிவிடும். அழுகும் திசுவும் அதிலிருந்து வரும் அம்மோனியாவும் சேர்ந்து விடிவதற்குள் மீதி மீன்களையும் கொன்றுவிடும். அப்படி ஆன தொட்டியின் நாற்றத்தை ஒருமுறை மோந்தவர் மறக்க மாட்டார்.

போனதும் நான் கையை உள்ளே விடுவதில்லை. ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். காப்பி வரும். வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. வேலைக்கு வந்தவன் வேடிக்கை பார்க்கிறானே என்று முகத்தில் தெரியும். நான் பார்ப்பது, அது ஏன் இடம் மாறியது என்பதை. அதைக் கண்டுபிடிக்காமல் இடம் மாற்றினால் மறுநாளே திரும்பிப் போகும். ஒவ்வொரு தடவையும் பாதம் நோகும்.

முதலில் இனம் தெரிய வேண்டும். கோமாளி மீன்கள் குடியிருக்கும் அனிமோன்கள் உலகத்திலேயே பத்து இனங்கள்தான் என்பது பழைய கணக்கு. அதில் மூன்றுதான் எங்கள் பக்கம் அடிக்கடி வருகின்றன. கார்ப்பெட் என்று சொல்லும் ஸ்டைகோடாக்டைலா ஹாடோனி மணலில் வாழ்வது. பாதத்தை மணலுக்குள் இறக்கி, அடியில் கிடக்கும் கல்லையோ தொட்டியின் அடிக் கண்ணாடியையோ பிடித்துக்கொண்டு, மேலே கம்பளம் விரித்ததுபோல் படுத்திருக்கும். மன்னார் வளைகுடாவில் செபே என்னும் கோமாளி மீன் இதோடுதான் சேர்ந்து வாழ்கிறது. மேக்னிஃபிகா அதற்கு நேர் எதிர். பாறையின் உச்சியில், நல்ல வெளிச்சத்தில், நீரோட்டம் பலமாக அடிக்கும் இடத்தில் உட்காரும். தொட்டியில் அது கண்ணாடியில் ஏறிக்கொண்டே போனால் அதிசயமில்லை. மூன்றாவது பபிள் டிப். கொம்புகளின் நுனி குமிழ் குமிழாக இருக்கும். பாறை இடுக்கில் பாதத்தைச் செருகித் தலையை மட்டும் வெளியே நீட்டும். கார்ப்பெட்டைப் பாறைமேல் வைக்கச் சொல்லுகிறவர்களும் மேக்னிஃபிகாவை மணலில் வைக்கச் சொல்லுகிறவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆலமரத்தைத் தண்ணீரில் நடு, அல்லியைத் தரையில் நடு என்று சொல்வதற்குச் சமம் இது. எந்தக் கூலிக்கும் நான் அதைச் செய்ய மாட்டேன்.

அடுத்து தண்ணீர். இந்த ஊருக்கே உரிய விசேஷம் இதில்தான் இருக்கிறது. ஜூன் பிறந்து தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கிச் சாரல் தொடங்கிவிட்டால் வீட்டுக்குள் துணியே காயாது. காற்றெல்லாம் ஈரம். தொட்டியிலிருந்து ஆவியாகும் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் கோடையில் பழகிய கை, தினமும் காலையில் ஒரு ஜக் நல்ல தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை விடுவதில்லை. ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் ஈடுகட்ட நல்ல தண்ணீர் ஊற்றுகிறோம். ஆவியாகாத நாளிலும் ஊற்றினால் உப்பு நீர்த்துப் போகும். தொட்டிக்குக் கீழே இருக்கும் சம்ப் நிரம்பியதும் வாளியில் மொண்டு வெளியே கொட்டுகிறார்கள், உப்பும் அதோடு போகிறது. அடர்த்தி 1.025 இருக்க வேண்டிய தொட்டியில் ரிஃப்ராக்டோமீட்டர் 1.020 காட்டும். மீன் அதைத் தாங்கிக்கொண்டு நீந்திக்கொண்டிருக்கும். அனிமோன் தாங்காது. சுருங்கும், வாய் லேசாகப் பிளக்கும், பழுப்பு நிறத்தில் கோழை கோழையாகத் துப்பும், பிறகு நல்ல இடம் தேடிக் கிளம்பிவிடும். தொட்டிக்குள் எங்கே போனாலும் அதே தண்ணீர் என்பது அதற்குத் தெரியாது.

அப்படிப்பட்ட வீட்டில் நான் செய்யும் இடமாற்றம், ஜக்கை எடுத்துப் பரணில் வைப்பது. சம்ப்பில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும் ஊற்றச் சொல்லுவேன். உப்பை ஒரே நாளில் ஏற்றக் கூடாது, சில நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். சரியானதும் பலமுறை அனிமோன் தானாகவே பழைய பாறைக்குத் திரும்பியிருக்கிறது.

குற்றாலத்து விடுதித் தொட்டியில் நடந்தது வேறு. அங்கே ஒரு பபிள் டிப், பாறையை விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடியின் மேல்விளிம்பு வரை ஏறி நின்றது. உப்பளவு சரி, வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட்டும் கட்டுக்குள். மேலே இருந்த எல்.இ.டி. விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி மூடி. தெறித்த துளிகள் காய்ந்து காய்ந்து அதில் வெள்ளையாக உப்புப் பொரிந்திருந்தது, அதன்மேல் சீசன் ஈரத்தில் பாசி வேறு. கீழே இருந்த பாறைக்கு வெளிச்சம் பாதிகூடப் போகவில்லை. அது வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறியிருக்கிறது. மூடியைக் கழற்றிக் கழுவித் துடைத்து வைத்தேன். ஆனால் முழு வெளிச்சத்தையும் அன்றைக்கே போடவில்லை. இருட்டுக்குப் பழகிய அனிமோனுக்குத் திடீர் வெளிச்சம் வந்தால் உள்ளே இருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துவிடும். 2016-ல் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் இதே கதைதான், அங்கே காரணம் வெப்பம். விளக்கின் அளவைப் பாதியில் வைத்து வாரக்கணக்கில் ஏற்றச் சொல்லிவிட்டு வந்தேன். அது இறங்கி வந்துவிட்டது என்று பிறகு போனில் சொன்னார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் நகர்த்தியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. வேவ்மேக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். தொட்டியை மாற்றுவார்கள். இரண்டு அனிமோன் ஒன்றையொன்று தொடும் தூரத்துக்கு வந்துவிடும். வெவ்வேறு இனமாக இருந்தால் கொட்டிக்கொண்டு இரண்டுமே மெலியும்.

இந்த வேலையில் என் முதல் ஆசான் ஒரு நண்டு. தூத்துக்குடியில் வலை உதறும் இடத்தில் நின்றால் துறவி நண்டுகள் கிடைக்கும், செத்த சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு திரிபவை. சில சங்குகளின் மேல் சின்னச் சின்ன அனிமோன்கள் ஒட்டியிருக்கும். நண்டு வளர்ந்து சங்கு பத்தாமல் போனால் பெரிய சங்குக்குக் குடி மாறும். அப்போது அனிமோனையும் விட்டுவிட்டுப் போவதில்லை. கால்களாலும் கொடுக்காலும் தண்டையும் பாதத்தின் ஓரத்தையும் தட்டும், தடவும், மறுபடி தட்டும். வேறு யாராவது இழுத்தால் கிழிந்தாலும் விடாத பாதம் நண்டின் தட்டலுக்கு இளகிவிடும். இளகியதும் தூக்கிப் புதுச் சங்கின்மேல் வைத்துப் பிடித்துக்கொள்ளும். டார்டேனஸ் வகை நண்டும் கேலியாக்டிஸ் அனிமோனும் சேர்ந்து செய்யும் இந்தக் காரியத்தை விஞ்ஞானிகள் விலாவாரியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் தொட்டி அனிமோன்கள் வேறு குடும்பம், நண்டின் பாஷை அவற்றுக்குத் தெரியாது. ஆனாலும் பாதத்தை நடுவில் இழுக்காமல் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும், விடும்வரை பொறுக்க வேண்டும் என்ற இரண்டு பாடமும் அப்படியே பொருந்துகின்றன.

நகர்த்துவதற்கு முந்தின நாள் அனிமோனுக்குச் சாப்பாடு போடக் கூடாது. வயிற்றில் இறால் துண்டு இருக்கும்போது தொட்டால் கக்கும், அது தண்ணீரைக் கெடுக்கும். வேலையைக் காலையில் வைத்துக்கொள்வேன், பகல் முழுக்க யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்பு வாசனை இல்லாமல் கழுவி, பவுடர் தடவாத கையுறை மாட்டிக்கொள்வேன். கார்ப்பெட் கொட்டினால் விரல் நுனியில் அவ்வளவாகத் தெரியாது. முன்கையின் உள்பக்கம் பட்டால் தடித்து அரிக்கும். கையுறை போடுவதன் முக்கியக் காரணம் வேறு: அதன் கொம்புகள் தோலில் ஒட்டிக்கொள்ளும், பயந்து கையை உதறினால் கொம்பு அறுந்துவிடும்.

பாறையில் ஒட்டியிருந்தால் பாறையோடு சேர்த்துத் தூக்கிவிடுவதுதான் உத்தமம். அனிமோனுக்குத் தான் நகர்ந்ததே தெரியாது. பாறை பெரிதாக இருந்தால், வெளிச்சம் படும் பக்கம் கீழே வருமாறு மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். நிழலில் மாட்டிக்கொண்டது தானே கிளம்பும். அவசரம் என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் கட்டியைப் பாதத்துக்குப் பின்னால் பாறையில் வைத்து அழுத்திப் பிடிப்பேன். குளிர் பட்ட இடத்திலிருந்து பாதம் விலகத் தொடங்கும். விலகிய விளிம்பில் விரல் நுனியைக் கொடுத்து, கண்ணாடியிலிருந்து ஸ்டிக்கர் உரிப்பதைவிட நிதானமாகப் போக வேண்டும். பழைய ஏ.டி.எம். கார்டை வைத்துச் சுரண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வழவழப்பான கண்ணாடியில் சரி, சொரசொரப்பான பாறையில் கிழித்துவிடும். பம்ப்பால் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டும் முறையும் ஒன்று உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பாதத்தில் சின்னக் கீறல் விழுந்தால் ஆறிவிடும். பெரிதாகக் கிழிந்தால் அங்கிருந்து அழுகல் ஏறும், பிறகு காப்பாற்றுவது கடினம்.

கார்ப்பெட்டுக்காக நான் வைத்திருக்கும் வித்தை மண்சட்டி. தென்காசிச் சந்தையில் வாங்கும் சின்ன, வாய் அகன்ற சட்டி, மெருகோ சாயமோ பூசாதது. சில நாள் ஆர்.ஓ. தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி எடுத்து, கடல்நீரில் நனைத்துத் தொட்டி மணலுக்குள் விளிம்புவரை புதைத்துவிடுவேன். உள்ளே கொஞ்சம் மணல். அனிமோனை அதற்குள் இறக்கி வைத்தால் சுட்ட மண்ணின் சொரசொரப்பு அதற்குப் பிடித்துப்போகிறது, அடியில் கால் ஊன்றிக்கொள்கிறது. அதன் பிறகு வீட்டுக்காரர் எத்தனை தடவை சோபாவைத் திருப்பிப் போட்டாலும் எனக்குக் கவலையில்லை. சட்டியைத் தூக்கி நகர்த்தினால் போதும்.

பபிள் டிப்புக்கும் மேக்னிஃபிகாவுக்கும் காய்கறிக் கூடை. புதிய இடத்தில் பாதத்தை இடுக்கை நோக்கி வைத்து, மேலே கண்ணியுள்ள பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துவிட வேண்டும். பம்ப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, பாதம் பிடித்ததும் ஓட்டத்தைக் குறைவாக விட வேண்டும். வேவ்மேக்கரின் வாயில் ஸ்பாஞ்சோ வலையோ கட்டாமல் அந்த வீட்டைவிட்டு நான் கிளம்புவதில்லை.

எங்கள் தொட்டிகளில் பாறை எல்லாம் வார்த்த பாறைதான், அதிலும் இடுக்கும் பொந்தும் வைத்து வார்த்ததாகத் தேடி வாங்க வேண்டும். கல்பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளவை. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரையிலான 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அழகாக இருக்கட்டும் என்று ராமேசுவரத்திலிருந்து பவளத் துண்டு கொண்டுவந்து தொட்டியில் போட்டிருக்கும் வீட்டுக்கு நான் வேலைக்குப் போவதில்லை. மீன் வாங்குகிறவர்களிடம் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனாகக் கேட்டு வாங்கச் சொல்லுவேன். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறைகளை உருவாக்கி வெகுநாளாகிறது. அனிமோனையே பார்த்திராமல் வளர்ந்த குஞ்சு அதற்குள் புகச் சில நாள் தயங்கலாம். இரண்டையும் ஒரே நாளில் வாங்கி வைத்துவிட்டு “ஏன் சேர மாட்டேங்கு” என்று கேட்கக் கூடாது.

தண்ணீரைப் பொறுத்தவரை எங்களுக்குக் கொடுப்பினைதான். குற்றால மலையின் கருங்கல்லில் வழிந்து வரும் சிற்றாற்றுத் தண்ணீரில் தாது உப்பு குறைவு, ஆர்.ஓ. மெம்பரேன் நீண்ட நாள் உழைக்கும். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் கிணற்று நீரில் அந்தச் சொகுசு கிடையாது. லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் செயற்கைக் கடலுப்பைக் கலந்தால் தொட்டிக்கான தண்ணீர் தயார். அந்த உப்பு விலைக்குப் பயந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி விட்டுத் தூத்துக்குடிக் கடலில் மொண்டு வருகிறவர்களும் உண்டு, நானும் மொண்டிருக்கிறேன். ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில் மட்டும் கூடாது. சிற்றாறு சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது, தாமிரபரணி புன்னைக்காயலில் அந்தக் கடலிலேயே விழுகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகினால் கரையோரக் கடல் நீர்த்தும் கலங்கியும் கிடக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய பிறகு கடல் தண்ணீர் என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இடம் மாற்றியபின் இரண்டு மூன்று நாள் அனிமோன் சுருங்கிக் கிடப்பது இயல்பு. வாய் இறுக மூடியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தொங்கிப்போய், வாய் திறந்து, விரல் வைத்தால் ஒட்டாமல் இருந்தால்தான் எனக்குப் போன் செய்ய வேண்டும். நன்றாக விரிந்தபின், ஒரு வாரம் கழித்து, நகத்தளவு இறால் துண்டு போதும். பிரியத்தில் கட்டியாக ஊட்டிவிடுகிற அம்மாக்களிடம்தான் எனக்கு அதிகம் வாதம். வாரம் இரண்டு துண்டு போதும் என்றால், “பாவம், வாயைத் தொறந்து தொறந்து பாக்கு” என்பார்கள்.

பொறுமையாக வைத்திருந்தால் எவ்வளவு நாள் வாழும் என்று கேட்கிறவர்களுக்கு எடின்பரோவின் ‘கிரானி’யைச் சொல்லுவேன். 1828-ல் சர் ஜான் டாலியல் என்பவர் ஸ்காட்லாந்துக் கரையில் எடுத்த ஒரு சாதாரண அனிமோன் அது. ஒரு கண்ணாடிச் சாடியில், தண்ணீர் மாற்றப்பட்டு, 1887 வரை உயிரோடு இருந்தது. எடுத்தவர் இறந்த பிறகு கைமாறிக் கைமாறிப் போனது. விளக்கு கிடையாது, பம்ப் கிடையாது. குளிர்கடல் இனம், பாசியைக் குடிவைத்திருக்கும் நம் வகை அல்ல, ஆகவே நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் 59 வருஷம் என்று கேட்டதும், ஆறு மாதத்தில் மூன்று அனிமோன் மாற்றிய வீட்டுக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்.

ஆடிக் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் அடிக்கடி போகும் நாட்களில் இடமாற்ற வேலையை நான் ஒத்துக்கொள்வதில்லை. பம்ப் நின்றுபோனால் ஏற்கெனவே நொந்த பிராணிக்கு மூச்சு முட்டும். பேட்டரி ஏர் பம்ப் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் கேட்பேன். இல்லை என்றால் புரட்டாசியில் கூப்பிடுங்கள் என்பேன்.

கூலியில்தான் சச்சரவு வரும். விடுதியில் மூடியைத் துடைத்த அன்றைக்கு மேலாளர் கேட்டார்: “கையக்கூட நனைக்கலியே அண்ணாச்சி, இதுக்கு எதுக்கு முழு ரேட்டு?” பாறையோடு தூக்கினால் ஒரு ரேட், கண்ணாடியிலிருந்து உரித்தால் அதைவிடக் கூட, வந்து பார்க்கத் தனி ரேட் என்று எழுதி வைத்திருக்கும் அட்டையைக் காட்டினேன். பார்க்கும் ரேட்டில் ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, மூடியை வாரம் ஒருமுறை துடைக்க யார் பொறுப்பு என்று கேட்டு, அந்தப் பையனின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.